பொய்யின் விகிதம்

எட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்தில் எல்லோருடைய கோலிகளையும் ஜெயித்துவிடுகிறான். ஆட்டம் நம்மூர் ஒத்தையா ரெட்டையாதான். ஒருவன் மூடிய கைக்குள் கோலிகளை வைத்துக்கொண்டு கேட்பான், மற்றவன் ஊகித்துச் சொல்ல வேண்டும். இந்தப் பையன் எட்கர் ஆலன் போ 1844இல் வெளியிட்ட 'களவாடப்பட்ட கடிதம்' கதையில் வருகிறான். எப்படி ஜெயிக்கிறாய் என்று கேட்டதற்கு அவன் ஒரு ரகசியம் சொல்கிறான்: எதிராளியின் முகபாவத்தை முடிந்தவரை அப்படியே தன் முகத்தில் வரவழைத்துக்கொள்வானாம், பிறகு தன் மனசில் என்ன எண்ணம் எழுகிறது என்று பார்த்துக் காத்திருப்பானாம். எழுந்த எண்ணம் எதிராளியுடையது. மேக்கியவெல்லி முதலானவர்களுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் ஆழமெல்லாம் கடைசியில் இந்தப் பையனின் வித்தைதான் என்கிறான் போவின் துப்பறிவாளன். இந்தக் கதையை எடுத்துக்கொண்டு 1955இல் ழாக் லக்கான் நடத்திய பாடம் விமர்சன உலகில் பிரசித்தம். என் அக்கறை அதில் இல்லை. முகத்தைப் படித்து மனசை அறிந்துவிடலாம் என்ற பையனின் நம்பிக்கை அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. அந்த நம்பிக்கையின் சரித்திரம் போக்கர் என்ற சீட்டாட்டத்தில்தான் ஓரளவு முழுசாகக் கிடைக்கிறது.

அதே 1844இல் ஜோசஃப் கோவெல் என்ற ஆங்கில நடிகரின் நினைவுக் குறிப்புகள் புத்தகமாயின. 1829இல் அமெரிக்க நதிக் கப்பல் ஒன்றில் தான் பார்த்த போக்கர் ஆட்டத்தை அவர் அதில் விவரிக்கிறார். இந்த ஆட்டத்துக்குக் கிடைக்கும் ஆரம்பகாலச் சாட்சியங்களில் அது ஒன்று. அன்றைக்குக் கட்டில் 20 சீட்டுகள் மட்டுமே: ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஐந்து. கட்டு அதோடு தீர்ந்தது. சீட்டை மாற்றிக்கொள்ள வழியில்லை. மேஜைமேல் திறந்து வைத்த சீட்டு ஒன்றுகூட இல்லை. 52 சீட்டுக் கட்டு, சீட்டு மாற்றுவது, சிலவற்றைத் திறந்து வைத்து ஆடும் ஸ்டட் வகை எல்லாம் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தவை.

ப்ரிட்ஜ் மாதிரியான ஆட்டங்களில் சீட்டுகள் ஒன்றை ஒன்று வெட்டும். யார் எதை எப்போது இறக்கினார்கள் என்று ஒவ்வொரு சுற்றிலும் பகிரங்கமாகும். போக்கரில் சீட்டை இறக்குவதே கிடையாது. நடப்பதெல்லாம் பந்தயம். ஒருவன் பணம் வைக்கிறான். அடுத்தவன் அதே தொகையை வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால் மிஞ்சியவன் நடுவில் சேர்ந்த பணத்தை எடுத்துக்கொள்வான். தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. காட்டாமலே ஜெயிக்கலாம் என்ற உடனே, இல்லாததை இருப்பதாகச் சொல்ல இடம் வந்துவிடுகிறது. இதற்கு மூத்த உறவான இங்கிலீஷ் ஆட்டத்தின் பெயர் 'ப்ராக்', அதாவது பீற்றிக்கொள்வது. சீட்டாட்ட விதிகளுக்குப் பேர்போன எட்மண்ட் ஹாயில் 1751இலேயே அதற்கு ஒரு சிறு நூல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கருக்கே 'ப்ளஃப்' என்று ஒரு பெயர் வழங்கியது. சென்னைக்காரர் இதை உதார் என்பார். புளுகு என்ற சொல் ஒலியில் பக்கத்தில் இருந்தாலும் உதார்தான் சரியான சொல் என்று எனக்குப் படுகிறது. புளுகுகிறவன் சொல்லில் புளுகுகிறான். உதார் விடுகிறவன் தன் பணத்தை முன்னே வைத்துவிட்டு விடுகிறான்.

உதார் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வித்தையும் இருக்க வேண்டும். அந்த வித்தைக்காரர்களில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானவர் ஹெர்பர்ட் யார்ட்லி. இவர் தொழிலில் சங்கேதக் குறிகளை உடைப்பவர். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு நியூயார்க்கில் இருந்துகொண்டு, பிற நாடுகளின் ரகசியத் தந்திகளைப் படிக்கும் அமெரிக்க அலுவலகம் ஒன்றை நடத்தினார். 1921இல் வாஷிங்டனில் கடற்படைகளைக் குறைப்பது பற்றிய மாநாடு கூடியது. பெரும் போர்க்கப்பல்களில் அமெரிக்காவுக்குப் பத்து என்றால் தனக்கு ஏழு வேண்டும் என்று ஜப்பான் பிடிவாதமாக நின்றது. டோக்கியோ தன் பிரதிநிதிகளுக்கு நவம்பர் 28ஆம் தேதி அனுப்பிய தந்தியை யார்ட்லியின் ஆட்கள் உடைத்துப் படித்தார்கள். வேறு வழியே இல்லாமல் போனால் ஆறுக்கு இறங்கலாம் என்று அதில் இருந்தது. அமெரிக்கத் தரப்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஜப்பான் ஆறுக்கு இறங்கியது. எதிராளியின் கவிழ்த்து வைத்த சீட்டைப் பார்த்துவிட்டால் ஸ்டட் போக்கர் ஒன்றும் கஷ்டமில்லை என்ற அர்த்தத்தில் யார்ட்லி இதைப் பின்னால் எழுதினார். அவருடைய அலுவலகம் 1929இல் மூடப்பட்டது. 1931இல் ரகசியங்களைப் புத்தகமாக்கினார். 1938இலிருந்து சீனாவின் சுங்கிங்கில் சியாங் கை-ஷேக் அரசுக்கு வேலை பார்த்தார். இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், 1957இல், போக்கர் கற்றுக்கொள்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது நன்றாக விற்றது.

யார்ட்லி போவின் பையனுக்கு நேர் வாரிசு. எதிராளிக்குள் ஒரு அர்த்தம் ஒளிந்திருக்கிறது. திறவுகோல் கிடைத்தால் அது நம் கைக்கு வரும். தந்தியோ முகமோ, கொள்கை ஒன்றுதான். 1984இல் மைக் கேரோ வெளியிட்ட நூல் இந்த மரபின் இலக்கணம் மாதிரி. கை நடுக்கம், பெருமூச்சு, எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று வகைவகையாகப் பிரித்து, நடிக்கிறவன் பெரும்பாலும் தன் நிலைக்கு நேர்மாறாக நடிப்பான் என்கிறார்: கை பலமானவன் சோர்ந்து காட்டுவான், பலவீனமானவன் விறைத்துக்கொள்வான். ஆனால் இந்த இலக்கணத்தை எதிராளியும் வாசித்திருந்தால்? அப்போது சோர்வு என்பது நிஜமான சோர்வாகவே இருக்கலாம். அவன் வாசித்ததை நான் வாசித்தேன் என்று அவனுக்குத் தெரிந்தால்? போவின் கதையிலேயே இந்தப் படிக்கட்டு இருக்கிறது. மடையன் சென்ற முறை ரெட்டை வைத்தால் இந்த முறை ஒத்தைக்கு மாறுவான். கொஞ்சம் கெட்டிக்காரன் அந்த மாற்றம் சுலபமானது என்று உணர்ந்து திரும்பவும் ரெட்டையே வைப்பான். இந்தப் படிக்கட்டுக்குக் கடைசிப் படி கிடையாது.

படிக்கட்டில் ஏறாமலே வெளியேறலாம் என்று காட்டியது கணிதம். பிரான்ஸில் எமில் போரல் 1921இலிருந்து இந்தத் திக்கில் எழுதினார். எதிராளியால் ஊகிக்க முடியாதபடி, பல வழிகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து ஆடுவது என்ற யோசனை அவருடையது. 1928இல் ஜான் வான் நாய்மன், ஒருவர் ஜெயிப்பது மற்றவரின் நஷ்டமாகவே இருக்கும் இருவர் ஆட்டம் எதிலும் அப்படி ஒரு சிறந்த கலவை கட்டாயம் உண்டு என்று நிரூபித்தார். ஒத்தையா ரெட்டையாவுக்கு இதன் விடை மிகச் சின்னது. காசைச் சுண்டிப் பார்த்துவிட்டுக் கோலியை எடு. அவ்வளவுதான். போவின் பையன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என் முகத்தைத் தன் முகத்தில் வரவழைத்துக்கொள்ளட்டும்; எனக்கே தெரியாதது அவன் மனசில் எப்படி எழும்? அவன் பாதிதான் ஜெயிப்பான்.

போக்கரில் விடை அவ்வளவு சின்னதல்ல. முழு ஆட்டம் அன்றைய கணக்குக்கு அடங்காதது என்பதால் சுருக்கிய மாதிரிகளை வைத்துப் பார்த்தார்கள். ஹெரால்ட் கூன் 1950இல் அமைத்த ஆட்டம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். சீட்டு மூன்று: ஜாக்கி, ராணி, ராஜா. ஆள் இரண்டு. ஆளுக்கு ஒரு ரூபாய் நடுவில் வைத்துவிட்டு ஒரு சீட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். பந்தயம் என்று ஒன்று வந்தால் அதுவும் ஒரே ஒரு ரூபாய். முதல் ஆள் பந்தயம் வைக்காமல் விட்டுவிட்டார். இரண்டாவது ஆளின் முறை. அவர் கையில் ராஜா இருந்தால் கேள்வியே இல்லை, பந்தயம் வைப்பார். ஜாக்கி இருந்தால்? சீட்டைத் திறந்தால் தோல்வி நிச்சயம். உதார் விடலாமா? எப்போதுமே விடாதவர் என்றால், அவர் பந்தயம் வைத்ததும் எதிரே ராணி வைத்திருப்பவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார். ராஜாவுக்குக் கூடுதலாக ஒரு காசு வராது. எப்போதும் விடுகிறவர் என்றால் ராணி எப்போதும் ஈடுகட்டிப் பார்த்துவிடும். கணக்கின் விடை: ஜாக்கி வரும்போது மூன்றில் ஒரு முறை உதார் விட வேண்டும். அப்படிச் செய்தால் அவர் வைக்கும் நாலு பந்தயத்தில் மூன்று நிஜம், ஒன்று பொய். ராணி வைத்திருப்பவர் ஒரு ரூபாய் போட்டால் கிடைக்கக்கூடியது மூன்று ரூபாய். ஆகவே அவர் பார்த்தாலும் ஒன்றுதான், விலகினாலும் ஒன்றுதான்.

இதில் என்னை நிறுத்திவைத்த விஷயம் ஒன்று உண்டு. நாலில் ஒன்று பொய் என்பதை எதிராளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுக்கலாம். அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த நாலில் எது என்று தெரியாது; தெரிந்த விகிதத்தை வைத்து எதுவும் செய்யவும் முடியாது. யார்ட்லி ஜென்மம் முழுக்கத் தேடிய ரகசியம் இங்கே பகிரங்கமாகக் கிடக்கிறது, ஆனால் அது ஒன்றையும் திறப்பதில்லை.

உதாரின் வேலை என்ன என்பதே இதனால் மாறிவிடுகிறது. வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. உதாருக்கு அவர்கள் இரண்டு நோக்கங்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பலவீனத்தில் பலமாகத் தெரிவது ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்தது. நிஜமாகவே பலமாக இருக்கும்போது பலவீனம் என்று சந்தேகிக்கப்படுவது இரண்டாவது. இதுதான் சூட்சுமம். என் பொய் பிடிபட்டால்கூட வேலை செய்கிறது. ஏனென்றால் அடுத்த முறை நான் நிஜம் சொல்லும்போது அவன் சந்தேகப்பட்டுப் பணம் வைப்பான். ஒருபோதும் பொய் சொல்லாதவனின் நிஜத்துக்குப் போக்கர் மேஜையில் விலை கிடையாது. அவர்களுடைய மாதிரி ஆட்டத்தில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. உதாரை நடுத்தரக் கையோடு விடக்கூடாது, ஆகக் கடைசிக் கையோடுதான் விட வேண்டும். நடுத்தரக் கைக்குத் திறந்து பார்த்தால் ஜெயிக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அதைப் பொய்க்காகச் செலவழிப்பது வீண். ஒன்றுமே இல்லாத கைக்கு இழக்க ஒன்றுமில்லை. பயந்தவன் செய்வது இதற்கு நேர் எதிர். நடுத்தரக் கையோடு அரைகுறையாக உதார் விட்டு, கடைசிக் கையோடு யோக்கியனாக விலகிவிடுவான்.

நம் பக்கத்தில் மூணு சீட்டு என்றும் தீன் பத்தி என்றும் ஆடுவது, ஹாயில் எழுதிய அந்த ப்ராக் வம்சத்தின் மூன்று சீட்டு வகைதான். (தெருவோரத்தில் மூன்று சீட்டைக் கவிழ்த்து மாற்றி மாற்றி வைத்து ஏமாற்றுவதற்கும் இதே பெயர் உண்டு, அது வேறு.) இதில் போக்கரில் காணாத ஒரு ஏற்பாடு இருக்கிறது. தன் சீட்டைப் பார்க்காமலே ஆடலாம், 'ப்ளைண்ட்' என்பார்கள். பார்க்காதவன் வைக்க வேண்டிய தொகை பார்த்தவன் வைப்பதில் பாதி. திண்ணையில் குந்தி ஆடுகிறவர்கள் போரலைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பார்க்காமல் ஆடுகிறவன் முகத்தில் வாசிக்க ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள். அவனுடைய பந்தயம் நிஜமா பொய்யா என்று அவனுக்கே தெரியாது. காசு சுண்டுவதற்குப் பதிலாகத் தன் கையையே தனக்கு மறைத்துக்கொள்கிறான். கணிதம் கேட்கும் துல்லியமான கலவை அதில் இல்லைதான். ஆனாலும் முகத்தை ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது.

நம் சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பது தனிக் கதை. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவு வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது காரணம். அதே தீர்ப்பில், ஃப்ளஷ், ப்ராக் என்று பல பெயர்களில் வழங்கும் மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்று சொல்லப்பட்டது. சீட்டை நிர்வகிப்பது திறமை. மனிதனை நிர்வகிப்பது திறமையல்ல. நீதிமன்றத்தின் கண்ணுக்கு உதார் தெரியவே இல்லை. 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணைய சூதாட்டத்தைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றி, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்தது. பணத்தைத் தோற்றவர்கள் தற்கொலை செய்துகொண்டது அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் திறமை ஆட்டங்கள் என்று பட்டியலிலிருந்து நீக்கியது. 2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. கேள்வியை ஒதுக்கியதில் ஒரு நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். செத்துப்போனவர்களுக்கு எதிரே முகமே இல்லை. கூனின் கணக்கில் ரூபாய் என்பது ஒரு அலகு. வாடகைப் பணத்தை வைத்து ஆடுகிறவனுக்கு அது அலகல்ல.

முகம் இன்னும் உயிரோடு இருப்பதாகத் தோன்றிய கடைசிப் பெரிய சம்பவங்களில் ஒன்று 2003இல் லாஸ் வேகாஸில் நடந்தது. உலகப் போக்கர் போட்டியின் கடைசி இரண்டு பேர்: தொழில்முறை ஆட்டக்காரர் ஸாம் ஃபார்ஹா, டென்னஸியிலிருந்து வந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர். ஒரு கையில் மணிமேக்கர் எதிர்பார்த்த இஸ்பேட் வரவில்லை, அவரிடம் ஒன்றுமில்லை. இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது, ஜெயிக்கிற கை. அவர் நெடுநேரம் முகத்தைப் பார்த்தார். உனக்கு வர வேண்டிய சீட்டு வரவில்லை போலிருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். அது சரியான வாசிப்பு. பிறகு சீட்டைக் கவிழ்த்துவிட்டார். மணிமேக்கர் அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். வாசிப்பது ஒன்று, வாசித்ததன்மேல் பணம் வைப்பது இன்னொன்று என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மேஜைக்கு வந்தவை முகமற்றவை. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழுவினர், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள இருவர் போக்கரைக் கிட்டத்தட்ட முழுசாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். அவர்களுடைய நிரல் எந்த மனிதனையும் பார்த்துக் கற்கவில்லை. தன்னோடு தானே ஆடியது. ஒவ்வொரு தீர்மானத்திலும், வேறு மாதிரி செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டது. அந்தக் கூட்டுத் தொகைக்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் வருத்தம். வருந்தத் தெரியாத ஒன்று, வருத்தத்தைக் கணக்கு வைத்தே உதார் விடக் கற்றுக்கொண்டது. 2017 ஜனவரியில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ், வரம்பில்லாத பந்தயத்தில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்த்து 20 நாள், 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. 2019இல் ப்ளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் மேஜையில் உட்கார்ந்து ஜெயித்தது. பொய் சொல்ல நோக்கம் வேண்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். இங்கே நோக்கம் இல்லை, மறைக்க ஒரு உள்ளம் இல்லை; பொய் மட்டும் அதன் சரியான விகிதத்தில் நடக்கிறது.

லிப்ரேட்டஸ் தினம் ராத்திரி என்ன செய்தது என்பது கவனிக்க வேண்டியது. அந்த நாலு பேரும் பகலில் அதன் ஆட்டத்தில் ஓட்டை தேடுவார்கள்; எந்த இடத்தில் விரல் விட்டுப் பார்த்தார்கள் என்று ராத்திரி கவனித்து அது அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. அவர்கள் யார், அவர்களுடைய பலவீனம் என்ன என்று அது தேடவில்லை. இது அந்தக் கணித மரபின் குணம். வான் நாய்மனின் கலவை தரும் உத்தரவாதம், எதிராளி யாராக இருந்தாலும் உனக்கு இதற்குமேல் நஷ்டம் வராது என்பது மட்டும்தான். அதுவும் இரண்டு பேர் ஆட்டத்தில்தான். அதற்குமேல் ஆள் சேர்ந்தால் அந்த உத்தரவாதமும் இல்லை. எதிரே ஒரு முட்டாள் உட்கார்ந்து எப்போதும் ஒத்தையே வைத்தாலும், காசு சுண்டுகிறவன் பாதிதான் ஜெயிப்பான். போவின் பையன் அவனிடம் முழுசாக ஜெயிப்பான். ஆனால் அதற்காகப் பையன் காசை விட்டுவிட்டு, அவன் ஒத்தைதான் வைப்பான் என்று நம்பி ஒரு பக்கம் சாய வேண்டும். சாய்ந்த உடனே அவனும் வாசிக்கப்படக்கூடியவன் ஆகிவிடுகிறான். அந்த முட்டாள் நடிக்கிறானாக இருந்தால் பையன் தொலைந்தான். ஒருவரை வாசிக்க ஆரம்பிக்கிறவன் தன் காப்பை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இதற்கு விதிவிலக்கை எந்தக் கணிதமும் தரவில்லை.

நம் விமர்சனத்தில் பெரும்பகுதி முகம் பார்ப்பது. இந்தக் கவிதை அனுபவத்திலிருந்து வந்ததா, எழுதியவன் நிஜமாக உணர்ந்தானா, உதார் விடுகிறானா என்று ஆசிரியனின் கண்ணைப் பார்த்தே காலம் ஓடிவிட்டது. அதற்கு எதிராக வந்தவர்கள், ஆசிரியன் என்று யாருமில்லை, அமைப்பு மட்டும்தான் என்றார்கள். போக்கரின் சரித்திரத்தைப் பார்க்கும்போது இரண்டாவது கட்சி ஜெயித்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஒரு வரியின் அர்த்தம் அதைச் சொன்னவன் நெஞ்சில் இருப்பதைவிட, அவனுடைய மற்ற வரிகளோடு அதற்குள்ள விகிதத்தில்தான் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எப்போதும் உண்மையே எழுதுகிறவனின் உண்மையை யாரும் ஈடுகட்டிப் பார்க்க வருவதில்லை என்பதையும் நாம் பக்கத்தில் இருந்தே பார்க்கிறோம். ஆனால் அமைப்பை மட்டும் நம்பி வாசிக்கிறவன் லிப்ரேட்டஸ் மாதிரி, ராத்திரியெல்லாம் தன் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறான். அவன் ஏமாறுவதில்லை. எதிரே யார் உட்கார்ந்திருந்தார் என்பதும் அவனுக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஃபார்ஹா மணிமேக்கரைப் பார்த்த அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது. பணம் வைக்கத்தான் மனம் வரவில்லை.